உறைந்த ஏரியில் மீன்பிடிக்க: எதைப் பழைய சாமானில் செய்யலாம், எதை வாங்கியே ஆக வேண்டும்?

முதல் குளிர்காலத்தில் எல்லாவற்றையும் நானே செய்துவிடுவது என்று உட்கார்ந்தேன். சிக்கனம் பாதி, வீம்பு பாதி. கொட்டகையில் உடைந்த தூண்டில் கோல்கள், கிழிந்த குடைகள், பெயிண்ட் வாளிகள், ஒரு கிழட்டு ட்ரில், யாரோ போட்டுவிட்டுப் போன பனிச்சறுக்குப் பலகைகள் எல்லாம் கிடந்தன. அவற்றை வைத்துச் செய்த ஒன்பது சாமான்களில் சீசன் முடியும்வரை தாக்குப்பிடித்தவை நான்கு. இரண்டு உடைந்தன, இரண்டு உறைந்து உபயோகமில்லாமல் போயின. ஒன்றை நானே பயந்து தூக்கிப் போட்டேன். அது என்னவென்று பின்னால் சொல்கிறேன்.

தேவையான சாமான்கள் அப்படியொன்றும் அதிகமில்லை. பனிக்கட்டியில் ஓட்டை போட ஒன்று, ஓட்டையில் மிதக்கும் துண்டுகளை அள்ள ஒன்று, ஒரு குட்டைக் கோல், உட்கார ஒன்று, எல்லாவற்றையும் ஏற்றி இழுத்துப் போக ஒன்று, காற்றை மறைக்க ஒன்று, பனி உடைந்து உள்ளே விழுந்தால் ஏறிவர ஒன்று. ஒவ்வொன்றுக்கும் மூன்று வழி உண்டு. கழிவுச் சாமானிலிருந்து புதிதாகச் செய்யலாம். யாரோ பயன்படுத்திய அசல் சாமானை வாங்கிப் பழுது பார்க்கலாம். கடையில் புதிதாக வாங்கலாம். பெரும்பாலானவர்கள் முதல் வழியையும் மூன்றாவது வழியையும் மட்டும் வைத்து மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். என் அனுபவத்தில் அதிகம் ஜெயிப்பது நடுவில் இருக்கிற வழி.

எந்த வழி என்று முடிவெடுக்க நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: நடு ஏரியில் இது உடைந்தால் எது போகும்? மீன் போகும் என்றால் தாராளமாகச் செய்து பார்க்கலாம். அன்றைய பொழுது போகும் என்றால் கொஞ்சம் யோசிக்கலாம். ஆளே போய்விடும் என்றால் பழைய சாமானை அந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது.

குளிருக்கு எது தாங்கும்

ஒவ்வொரு சாமானாகப் பார்க்கும் முன் பொருட்களைப் பற்றி ஒரு விஷயம். பைப்பாக வரும் கெட்டி பிவிசி, குளிரில் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். வீட்டுக்குள் வளைந்து கொடுத்த அதே பைப், கடுங்குளிரில் தட்டினால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். வாளி, ட்ரம், காய்கறி வெட்டும் வெள்ளைப் பலகை இவற்றில் இருக்கும் பாலிஎத்திலீன் அப்படியில்லை. ஏரியில் நாம் பார்க்கிற குளிரில் அதன் உறுதி பெரிதாகக் குறையாது. பனிச்சறுக்குப் பலகையின் அடிப்பாகத்தில் ஒட்டியிருப்பதும் ஒரு வகைப் பாலிஎத்திலீன்தான். பசையிலும் இதே வேறுபாடு உண்டு. குளூ கன்னிலிருந்து வரும் சூட்டுப் பசை குளிரில் மொறமொறவென்று விட்டுவிடும். இரண்டு பாகம் கலந்து பூசும் எபாக்சி நிற்கும்.

இதை எல்லாம் ஏரிக்குப் போய்த்தான் கற்க வேண்டும் என்றில்லை. வீட்டு ஃபிரீசர் ஏறக்குறைய −18 டிகிரியில் ஓடுகிறது. செய்த பாகத்தை ஈரமாக்கி, ஓர் இரவு முழுக்க அதற்குள் வைத்து, காலையில் எடுத்ததும் மேசை விளிம்பில் ஓங்கி ஒரு தட்டு. உடைந்தால் சமையலறையில் உடைந்ததாகப் போகட்டும். இந்தச் சோதனையை நான் இரண்டாவது வருடம்தான் ஆரம்பித்தேன். முதல் வருடமே செய்திருந்தால் உடைந்த அந்த இரண்டும் ஏரி வரை வந்திருக்காது.

கோல்: தயங்காமல் செய்யுங்கள்

இதில் பழைய சாமான்தான் ஜெயிக்கிறது. ஓட்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பிடிப்பதால் கோல் 60 முதல் 90 சென்டிமீட்டர் இருந்தால் போதும். கோடையில் கார்க் கதவில் சிக்கி உடைந்த கோலின் நுனித் துண்டு கிட்டத்தட்ட அதே நீளம்தான் இருக்கும். அதை ஒரு கைப்பிடியில் எபாக்சி வைத்துச் செருகினால் வேலை முடிந்தது. கைப்பிடிக்குத் துடைப்பக் கட்டையில் ஒரு துண்டு போதும். பாட்டில் தக்கைகளை நடுவில் துளைத்துக் கோத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் இன்னும் நல்லது. தக்கை கையைச் சில்லிட வைக்காது.

கிராஃபைட் கோலா ஃபைபர் கிளாஸ் கோலா என்று தேர்வு இருந்தால் ஃபைபர் கிளாஸை எடுங்கள். வாளிக்குள் எறிந்து, காலால் மிதித்து, வண்டியில் அமுக்கிக் கொண்டுபோகிற பிழைப்பு இது. கிராஃபைட் கைக்கு அதிகம் சொல்லும், ஆனால் சின்ன அடியிலும் கீறல் விட்டு ஒருநாள் ஒடியும். எந்தக் கோலாக இருந்தாலும் வெட்டிய முனையைத் தேய்த்து மழுக்காமல் விட்டுவிடாதீர்கள். அந்த நார்ச் சிலாம்பு விரலில் ஏறினால் ஊசியால்கூட எடுப்பது கஷ்டம்.

ஒரே குறை, நுனித் துண்டில் இருக்கும் வளையங்கள் மிகச் சிறியவை. ஈரமான தூண்டில் நரம்பு அவற்றின் வழியாக ஏறும்போது சொட்டுச் சொட்டாகத் தண்ணீரை விட்டுவிட்டுப் போகும். பத்து நிமிடத்தில் வளையம் அடைத்துக்கொள்ளும். என் முதல் கோல் உறைந்தது இப்படித்தான். அதே கோலின் அடிப்பாகத்திலிருந்த பெரிய வளையங்களைக் கழற்றி நுனிக்குப் போட்டதும் தொல்லை பாதியாகக் குறைந்தது. கடையில் விற்கும் விலை குறைந்த குட்டைக் கோல்களில் இந்தக் குறை அப்படியே இருக்கும். அவற்றோடு ஒப்பிட்டால் நாம் செய்தது ஒருபடி மேல்.

மென்மையாகக் கடிக்கும் மீனுக்கு நுனியில் ஒரு மெல்லிய ஸ்பிரிங் தேவை. கிடாரின் அறுந்த எஃகுத் தந்தியில் ஒரு சாண் வெட்டி, முனையைச் சின்னக் கண்ணாக வளைத்து, கோல் நுனியில் கட்டிவிடலாம். பேனா ஸ்பிரிங்கும் வேலை செய்யும். ஆனால் சுருளுக்குள் பனி புகுந்து விறைத்துக்கொள்கிறது. எனக்குத் தந்திதான் பிடித்தது.

நரம்பைச் சுற்றிவைக்கும் ரீலைச் செய்ய முயல வேண்டாம். பழைய சிறிய ரீலைத் திறந்து, உள்ளிருக்கும் கெட்டி கிரீஸை முழுதாகத் துடைத்தெடுத்து, இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டால் போதும். கிரீஸ் குளிரில் கெட்டித்தால் கைப்பிடி சுற்றாது. நரம்பு மட்டும் புதிதாக இருக்கட்டும். பல வருடம் சுருண்டு கிடந்த நரம்பு தண்ணீருக்குள்ளும் சுருளாகவே நிற்கும். அப்படி நின்றால் மீன் தொட்டது கைக்கு வந்து சேராது.

ஓட்டை: நடு வழி ஜெயிக்கும் இடம்

பனிக்கட்டியைத் துளைக்கும் திருகுக் கருவியான ஆகரை, கையால் சுற்றுகிற வகையை, வீட்டில் செய்வது பற்றி நிறையப் பேர் கனவு காண்கிறார்கள். நானும் கண்டேன். மரம் நட, கம்பம் நட மண்ணில் குழி தோண்டும் ஆகரைப் பனிக்கட்டிக்குத் திருப்பிவிடலாம் என்று நினைத்தேன். மண் ஆகரின் பற்கள் கிளறுவதற்காக அமைந்தவை. பனிக்கட்டியையோ சீவித்தான் எடுக்க வேண்டும், தச்சர் இழைப்புளி மரத்தைச் சீவுகிற மாதிரி. அந்தக் கத்தியின் கோணம் கொஞ்சம் மாறினாலும் ஆகர் அதே இடத்தில் சுற்றிக்கொண்டு நிற்கும், ஒரு பிடிகூட இறங்காது. அதனால் கத்தியை வீட்டில் செய்யும் யோசனையை நான் கைவிட்டுவிட்டேன்.

பதிலாக, மழுங்கிப் போனதால் ஒருவர் ஒதுக்கிவைத்த கை ஆகரைத் தேடுங்கள். பெரும்பாலும் கெட்டிருப்பது கத்தி மட்டும்தான். அந்த மாதிரிக்கு உரிய புதுக் கத்தி ஜோடியை மாட்டினால் ஆகர் புதிதுக்குச் சமம். நேரான கத்தி என்றால் அதே கோணம் மாறாமல் தீட்டிக்கூடப் பார்க்கலாம். கரண்டி மாதிரிக் குழிந்த கத்தியைத் தீட்ட உட்கார்ந்து நான் கெடுத்ததுதான் மிச்சம்.

அளவை வாங்கும்போதே யோசிக்க வேண்டும். 6 அங்குல ஓட்டைக்கும் 8 அங்குல ஓட்டைக்கும் வித்தியாசம் பேச்சில் இரண்டு அங்குலம்தான். தோண்டி எடுக்கும் பனிக்கட்டியோ 78 சதவீதம் அதிகம். கையால் சுற்றுகிறவர், பெரிய மீனைக் குறிவைக்காதவரை, 6 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வது தோளுக்கு நல்லது.

பேட்டரி ட்ரில்லில் ஆகரை மாட்டுவது இன்னொரு வழி. கையில் ஏற்கெனவே பிரஷ் இல்லாத மோட்டார் வைத்த நல்ல 18 வோல்ட் ட்ரில் இருந்தால் இது மிக நல்ல வழி. கிழட்டு ட்ரில்லில் செய்தால் புகைதான் வரும், என்னுடையது மூன்றாவது ஓட்டையில் வந்தது. பக்கவாட்டுக் கைப்பிடி இல்லாமல் சுற்றாதீர்கள். ஆகர் சட்டென்று மாட்டிக்கொண்டால் ட்ரில் சுற்ற ஆரம்பிக்கும், கூடவே மணிக்கட்டும். ட்ரில்லின் வாய் தளர்ந்தால் ஆகர் நேராக ஏரிக்குள் போய்விடும் என்பது இன்னொரு ஆபத்து. இதற்குப் பழைய சாமானில் அழகான வழி இருக்கிறது. காய்கறி வெட்டும் பிளாஸ்டிக் பலகையை ஓட்டையைவிடப் பெரிய வட்டமாக வெட்டி, ஆகர் தண்டின் தலையில் மாட்டிவிடுங்கள். கழன்றாலும் வட்டம் பனியின் மேல் தடுத்து நிற்கும். பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போங்கள். லித்தியம் பேட்டரியைப் பூஜ்யத்துக்குக் கீழ் இருக்கும்போது சார்ஜ் போடாதீர்கள், வீட்டுக்குள் கொண்டுவந்து குளிர் விட்ட பிறகு போடுங்கள்.

சங்கிலி ரம்பத்தின் பழைய எஞ்சினை ஆகருக்குக் கட்டிய படங்களைப் பார்த்து ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த எஞ்சின் நிமிடத்துக்கு 10,000 சுற்றைத் தாண்டும், ஆகருக்குத் தேவை சில நூறு. நடுவில் நல்ல கியர் பெட்டி வேண்டும். அது உங்களிடம் இருந்தால் இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவையில்லை.

ஆகர் இருந்தாலும் ஒரு கடப்பாரை வேண்டும். நடந்துபோகும்போது முன்னால் ஓங்கிக் குத்திப் பனியின் கனத்தைத் தெரிந்துகொள்ளத்தான் இது முதலில். ஓட்டை போடுவதெல்லாம் அப்புறம். லாரியின் பட்டை ஸ்பிரிங்கில் ஒரு துண்டை இரும்புக் குழாயில் வெல்டிங் செய்து நிறையப் பேர் செய்கிறார்கள். ஸ்பிரிங் எஃகில் கார்பன் அதிகம். முன்கூட்டிச் சூடாக்காமல், மெதுவாக ஆறவிடாமல் வெல்டிங் வைத்தால் ஒட்டுக்குப் பக்கத்திலேயே வெடிக்கும். வெல்டிங் தெரிந்த கை என்றால் செய்யுங்கள், இல்லாவிட்டால் தோண்டுகிற பழைய கடப்பாரையின் வாயை உளி மாதிரி ஒரு பக்கச் சரிவாகத் தேய்த்துக்கொள்ளலாம். எடை கூடும், வேலை நடக்கும். எதுவானாலும் தலையில் ஒரு கயிற்றைக் கட்டிக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். எங்கள் கூட்டத்து அண்ணன் ஒருவர் கயிறு கட்டாமல் மூன்றாவது குத்தில் கடப்பாரையை ஏரிக்குத் தானம் செய்துவிட்டு, அன்று முழுக்க ஓட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

யோசிக்கவே தேவையில்லாதவை

ஓட்டையில் மிதக்கும் பனித் துண்டுகளை அள்ளச் சமையலறை ஜல்லிக்கரண்டி போதும், பிடி நீளமாக இருந்தால். உட்கார 20 லிட்டர் வாளி, மூடியின் மேல் ஒரு நுரைப் பஞ்சு மெத்தைத் துண்டு. இரை மீன் உறையாமல் இருக்கப் பழைய ஐஸ் பெட்டி; குளிரை உள்ளே வைக்கிற பெட்டி வெளியேயும் நிறுத்தும்.

இழுவை வண்டிக்கு நீல நிற ட்ரம்மை நீளவாக்கில் பாதியாகப் பிளந்தால் படகு மாதிரி வரும். உணவுப் பொருள் வந்த ட்ரம்மா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ரசாயனம் வந்ததைத் தொடாதீர்கள். அடியில் இரண்டு பழைய பனிச்சறுக்குப் பலகைகளை உயரம் கொடுத்துப் பொருத்தினால், பனித்தூளுக்குக் கீழே தேங்கிய பனிச்சேற்றில் வண்டி ஒட்டிக்கொள்ளாது. கடையில் கிடைக்கும் சாதாரண வண்டிகளைவிட இது எனக்குத் திருப்தி.

கொடித் தூண்டிலும் இந்த வகைதான். ஓட்டையின் குறுக்கே கிடக்கும் மரச் சட்டம், தண்ணீருக்குள் ஒரு நூற்கண்டுச் சக்கரம், மீன் இழுத்ததும் நிமிர்ந்து நிற்கும் கொடி. கொடிக்குக் குடைக் கம்பியோ ஓடாத இன்ச் டேப்பின் எஃகுப் பட்டையோ சரியாக இருக்கும். சக்கரம் தண்ணீருக்குள்ளேயே இருப்பது முக்கியம், வெளியே இருந்தால் உறைந்து சுற்றாது. என்னுடைய உறைந்த இரண்டாவது சாமான் அதுதான், சக்கரத்தை மேலே வைத்துவிட்டேன். ஒருவர் எத்தனை தூண்டில் வைக்கலாம், அதில் பெயர் எழுத வேண்டுமா என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும், பத்துச் செய்துவிட்டு விதியைப் படிக்காதீர்கள்.

மீன் காட்டும் கருவி

படகில் கோடையில் பயன்படுத்தும் சாதாரண மீன் காட்டும் கருவி இருந்தால், குளிர்காலத்துக்கென்று தனிக் கருவி வாங்குவதை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். அதை ஒரு வாளியிலோ மரப்பெட்டியிலோ பொருத்தி, ஒலி அனுப்பும் உணரியை ஒரு நுரைத் தக்கையிலிருந்து நேராகத் தொங்கவிடுங்கள். உணரியின் முகம் பனிக்கட்டியின் அடிப்பரப்புக்குச் சற்றுக் கீழே, சாயாமல் இருக்க வேண்டும். சாய்ந்தால் உங்கள் இரையே திரையில் தெரியாது.

பேட்டரியில்தான் சிக்கல். கணினிக்கு வைக்கும் யுபிஎஸ்ஸில் இருந்து கழற்றிய 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி பலரிடம் கிடக்கும். −20 டிகிரியில் அதன் கொள்ளளவு ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஏற்கெனவே கிழடு தட்டியது என்றால் மத்தியானத்தோடு முடிந்தது. சார்ஜ் தீர்ந்த நிலையில் வெளியே விட்டால் உள்ளே உறைந்து பெட்டி விரிசல் விடும். ஒருநாள் பொழுதுதான் போகும் என்பதால் முயன்று பார்க்கலாம். பழைய லேப்டாப்பிலிருந்து செல்களைப் பிரித்தெடுத்து நாமே பேட்டரி கட்டுவது வேறு விஷயம். பாதுகாப்புச் சர்க்யூட் இல்லாத லித்தியம் செல்கள் தீப்பிடிக்கும். மடியில் வைத்து உட்காரும் சாமானில் அந்தச் சூதாட்டம் வேண்டாம். ட்ரில்லின் பேட்டரியையே உரிய மாற்றியோடு பயன்படுத்துவது உத்தமம்.

கூடாரமும் அடுப்பும்

உடைந்த சாமான்களில் ஒன்று என் பிவிசி கூடாரம். காற்றடித்து ஒரு மூலை மடங்கியதும் மற்ற மூலைகளும் வரிசையாகத் தெறித்தன. மின்கம்பி போகும் மெல்லிய இரும்புக் குழாயில் அதே சட்டத்தைக் கட்டியபோது நின்றது. கனம் அதிகம், ஆனால் நின்றது. இருந்தாலும் உண்மையைச் சொன்னால் கூடாரத்தில் நான் பழைய அசல் சாமான் பக்கம்தான். யாரோ துணி கிழிந்ததால் விற்கும் மடிப்புக் கூடாரத்தைத் தைத்துக்கொள்வது, நாமே சட்டம் கட்டித் தார்ப்பாய் போர்த்துவதைவிட எடையிலும் நேரத்திலும் லாபம். ஒரே நிமிடத்தில் விரிந்து நிற்பதன் அருமை, காற்றில் தார்ப்பாயோடு மல்லுக்கட்டியவருக்குத்தான் தெரியும்.

இப்போது நான் பயந்து தூக்கிப் போட்ட ஒன்பதாவது சாமான்: டப்பாவில் செய்த ஸ்பிரிட் அடுப்பு. அழகாகத்தான் எரிந்தது. கூடாரத்துக்குள் அரை மணி நேரம் எரிந்த பிறகு லேசான தலைவலி. அதைக் குளிர் என்று நினைத்தேன். வெளியே வந்து நின்றதும் தலைவலி இறங்கியது, அப்போதுதான் உறைத்தது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. மூடிய துணிக்குள் எரியும் எந்தச் சுடரும் அதை உண்டாக்கலாம். தவிர, முழங்காலுக்குப் பக்கத்தில் திறந்த ஸ்பிரிட், சுற்றிலும் நைலான் துணி.

அடுப்பு விஷயத்தில் ஒப்பீடே கிடையாது. ஆக்சிஜன் குறைந்தால் தானாக அணையும், சாய்ந்தாலும் அணையும் கூடாரக் கேஸ் அடுப்பைப் புதிதாக வாங்குங்கள். கூடவே ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம், மேலும் கீழும் திறந்த காற்று வழி. பழைய கேஸ் சிலிண்டரை அறுத்து விறகடுப்பு செய்யும் யோசனையும் வேண்டாம். காலி என்று நினைத்த சிலிண்டருக்குள் மிச்சமிருக்கும் கேஸ், அறுக்கும்போது வெடித்துவிடும்.

விழுந்தால் ஏறிவர

புதிதாக உறைந்த தெளிவான பனிக்கட்டி 4 அங்குலம் இருந்தால் ஓர் ஆள் நடக்கலாம் என்பது பொதுவான கணக்கு. வெண்மையாக, பனித்தூள் கலந்து உறைந்ததற்குப் பலம் ஏறத்தாழப் பாதி, ஆகவே இரட்டிப்புக் கனம் வேண்டும். எவ்வளவு பார்த்தாலும் விழுகிறவர்கள் விழத்தான் செய்கிறார்கள். கனடாவில் மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீரில் விழுந்தவர்களுக்காக 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்கிறார்: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்கும் 10 நிமிடம், நினைவு தப்புவதற்கு முன் சுமார் 1 மணி நேரம். அந்தப் பத்து நிமிடத்துக்குள் வழுக்கும் விளிம்பில் ஏறியாக வேண்டும். வெறுங்கைக்குப் பிடிப்பு கிடைக்காது.

அதற்குத்தான் குத்தூசி ஜோடி. உயிர்க்காக்கும் சாமான் என்றாலும் இதை மட்டும் நான் வீட்டில் செய்ததையே பயன்படுத்துகிறேன். முன்னால் சொன்ன கேள்வியை நானே மீறுகிறேன் என்று கேட்கலாம். இதில் சுழலும் பாகமோ ஸ்பிரிங்கோ எரிபொருளோ எதுவும் இல்லை. கெட்டுப்போக இடமில்லை, வலுவை வீட்டிலேயே முழுதாகச் சோதித்துவிடலாம். கைக்கு அடங்கும் இரண்டு துடைப்பக் கட்டைத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் தலையை வெட்டிய தடிமனான ஆணி எபாக்சியோடு ஆழமாகச் செருகி இரண்டு சென்டிமீட்டர் வெளியே, இரண்டையும் இணைக்கும் கயிறு. மரமாக இருப்பதால் மிதக்கும். முனைகளில் பாட்டில் தக்கை. ஒரு மரக்கட்டையில் இரண்டையும் குத்தி முழு உடல் எடையோடு தொங்கிப் பாருங்கள். ஆணி துளியாவது அசைந்தால் அந்த ஜோடியைக் குப்பையில் போட்டுவிட்டுக் கடைச் சாமானை வாங்குங்கள். எப்போதும் கழுத்தில் தொங்க வேண்டும். பைக்குள் இருக்கிற குத்தூசி இல்லாத குத்தூசிதான்.

வழுக்காமல் நடக்கப் பழைய பூட்ஸின் அடியில் குட்டையான ஸ்க்ரூக்களை ஏற்றலாம், அடித்தோலின் கனத்தைவிட நீளம் குறைவாக இருக்கும்வரை. மிதக்கும் உடையையும் உயிர்காப்பு ஜாக்கெட்டையும் பழையதாகக்கூட வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் நுரை எத்தனை வருடம் எங்கே அமுங்கிக் கிடந்தது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது.

ஏரி உறைய ஒரு மாதம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் நான் தொடங்கும் வரிசை இது. முதல் நாளே பழைய ஆகரின் மாதிரியைப் பார்த்துக் கத்திக்குச் சொல்லிவிடுவேன். அதே வாரம் உடையும் அடுப்பும் வாங்கிவிடுவேன், அவற்றுக்கு மாற்று கிடையாது. குத்தூசி ஒரு மாலை வேலை. கோல்களும் கொடித் தூண்டிலும் மெதுவாக, ஒவ்வொன்றாக, ஃபிரீசரில் இடம் கிடைக்கிற இரவுகளில். கத்தியை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. ஏரி உறைந்த பிறகு தேடினால், அந்த வாரம் எல்லோரும் அதையேதான் தேடிக்கொண்டிருப்பார்கள்.